தொப்பிச் சத்தம் எங்கே போச்சு?
(வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்குவதும் சரி செய்வதும்)



நம் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'ஒலி' என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை நான் இரண்டு முறை படித்தேன். முதல் முறை பரீட்சைக்காக. இரண்டாவது முறை எங்க அப்பாயிக்காக. இரண்டாவது முறைதான் புரிந்தது.

எங்க தாத்தா தவில் வாசிப்பவர். நான் அங்கன்வாடிக்குப் போன காலத்திலேயே இறந்துட்டார். ஒரு கல்யாணத்தில் அவர் வாசித்ததை யாரோ கேசட்டில் பதிவு செய்திருந்தார்கள். மைக்செட் தொழில் செய்யும் எங்க மாமா அதை போனில் ஏற்றிக் கொடுத்தார். அப்பாயிக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. டி.வி.யும் பார்க்க முடியாது. போனைக் காதோடு வைத்துக் கேட்டுட்டு, "வலந்தலை மட்டும்தாண்டி கேக்குது. தொப்பி எங்கடி?" என்றார்.

தவிலுக்கு இரண்டு முகம். விரல்களில் கூடு மாட்டி வாசிக்கும் வலது பக்கம் வலந்தலை, அதன் சத்தம் கணீர்னு இருக்கும். குச்சியால் அடிக்கும் இடது பக்கம் தொப்பி, அது கனத்த சத்தம். போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் நம் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. கனத்த சத்தம் வேண்டுமென்றால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அந்தத் துக்கடா ஸ்பீக்கர் எவ்வளவு காற்றைத் தள்ளும்? அதனால் தாத்தாவின் ஒரு கை மட்டும்தான் போனில் கேட்டது.

அப்பாயி தன் உதவித்தொகையில் சேர்த்து வைத்திருந்த 2,500 ரூபாயை எடுத்துக் கொடுத்தார். "நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வா. காச கரியாக்கிடாத" என்று சொல்லித்தான் கொடுத்தார். அம்மாவுக்கு இதில் சம்மதமே இல்லை. ஒழுங்காகக் கேட்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கண்டிஷன் போட்டுட்டார்.

கடையில் நான் ஏமாற இருந்த கதை

டவுனில் ஒரு கடையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி நின்றது. கலர் கலராக லைட் எரிந்தது. மேலே '10,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று ஸ்டிக்கர். விலை 2,400 ரூபாய். எனக்கு ஆசையாக இருந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் அதனுடைய அடாப்டரைக் கையில் கொடுத்து, "படி" என்றார். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருந்தது. "ரெண்டையும் பெருக்கு." பெருக்கினேன், 24 வாட் வந்தது.

24 வாட் உள்ளே வாங்குகிற பெட்டி 10,000 வாட்டை எங்கிருந்து வெளியே தரும்? கிணற்றில் இருக்கும் தண்ணியைத்தானே இறைக்க முடியும்! பி.எம்.பி.ஓ. என்பது விளம்பரத்துக்காகப் போடும் எண். 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருக்கும் வாட்டை மட்டும் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அடாப்டரைப் படியுங்கள்.

இன்னொன்றும் மாமா சொன்னார். வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு மாதிரி தோன்றச் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் ஆகும். ஓர் அறையில் உட்கார்ந்து கேட்பவருக்கு ஐந்து, பத்து வாட்டே தாராளம். திருவிழாவுக்கா வாங்குகிறோம்?

அதனால் அந்தப் பெட்டியை விட்டுட்டு, பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி மரப்பெட்டி வாங்கினோம். ஏதோ ஒரு பழைய ஸ்டீரியோ செட்டோடு வந்ததாம். செட் கெட்டுப் போய் பெட்டிகள் மட்டும் மிஞ்சியிருந்தன. ஜோடி 900 ரூபாய். ஒவ்வொன்றிலும் ஐந்து அங்குல ஊஃபர் ஒன்று, சின்ன ட்வீட்டர் ஒன்று. கனத்த சத்தத்துக்கு ஊஃபர், கீச்சுச் சத்தத்துக்கு ட்வீட்டர்.

இந்த அளவுப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் 'புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்', அதாவது புத்தக அலமாரி ஸ்பீக்கர் என்று பெயர். (எங்க வீட்டு அலமாரியில் மிளகாய்த்தூள் டப்பாதான் இருக்கு.) முன்பு கனத்த சத்தம் வேண்டுமென்றால் பீரோ மாதிரிப் பெட்டி வேண்டும் என்று நினைத்தார்களாம். 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர் காற்றுப் புகாமல் மூடிய சிறிய பெட்டியிலேயே அந்தச் சத்தத்தைக் கொண்டு வந்து காட்டினார். உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங் மாதிரி ஊஃபரைத் தாங்கும் என்பதுதான் அவருடைய யோசனை.

ஊஃபர் வேலை செய்யும் விதம் நம் மின்காந்தவியல் பாடத்திலேயே இருக்கிறது. காந்தத்துக்குள் ஒரு கம்பிச்சுருள். அதில் மின்சாரம் மாறி மாறிப் பாய, சுருள் முன்னும் பின்னும் ஆடும். அதோடு ஒட்டிய காகிதக் கூம்பும் ஆடிக் காற்றைத் தள்ளும். இந்த மாதிரி ஸ்பீக்கரைப் பற்றி ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பொறியாளர்கள் 1925-இல் கட்டுரை எழுதினார்கள். நூறு வருஷம் ஆகியும் அடிப்படை அதேதான்.

பழசு வாங்குபவர்கள் முன்னால் இருக்கும் துணி வலையைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். நான் பார்க்காமல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கழற்றினால், ஒரு ஊஃபரைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சு வளையம் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. ஸ்பாஞ்சு வளையம் நாளாக ஆகத் தானே பொடியாகிடும். ரப்பர் வளையம் அதைவிட நாள் தாங்கும். மாமாவின் கூட்டாளி சென்னை ரிச்சி தெருவில் இருந்து புது வளையம் வாங்கி வந்தார். 200 ரூபாய் தண்டம். இரண்டு கட்டைவிரலாலும் கூம்பை மெதுவாகச் சமமாக அழுத்திப் பாருங்கள். உள்ளே கரகரவென்று உரசினால் சுருள் கோணிவிட்டது என்று அர்த்தம். அதை வாங்க வேண்டாம்.

பெட்டியைத் திறந்தபோது இன்னொரு வேடிக்கை. பின்பக்கம் காற்று போய்வர ஒரு குழாய் இருக்கிறது. ஒரு பெட்டியின் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டி அடைத்து வைத்திருந்தது! குச்சியால் நோண்டி எடுத்தேன். அது வில்ச்சர் சொன்ன மூடிய வகை இல்லை, குழாய் வைத்த வகை. குழாய் இருந்தால் அது ஓட்டையாகிப் போனது என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்.

முதல் நாள் அழுகை

புளூடூத் உள்ள சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு 550 ரூபாய். பழைய செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் அடாப்டர் வீட்டிலேயே கிடந்தது. வயரெல்லாம் இணைத்து, தாத்தாவின் பாட்டைப் போட்டேன். சத்தம் பெரிசாகத்தான் வந்தது. ஆனால் அப்பாயி கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "இப்பவும் தொப்பி இல்லையே கண்ணு" என்றார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத இடம் போதாது. ராத்திரி போர்வைக்குள் அழுதேன்.

மறுநாள் மாமா ஒரு பென்சில் பேட்டரியோடு வந்தார். போர்டில் இருந்து வயரைக் கழற்றச் சொல்லி, அதன் இரண்டு முனையையும் பேட்டரியில் ஒரு நொடி தொட்டார். 'டப்' என்று இடது ஊஃபர் வெளியே வந்தது. அதே மாதிரி வலதைத் தொட்டார். அது உள்ளே போனது!

தப்பு என்னுடையதுதான். நான் வாங்கிய வயரில் இரண்டு இழையும் ஒரே நிறம். ஒரு பெட்டியில் பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்துட்டேன். ஒரு ஊஃபர் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று இழுத்திருக்கிறது. ஒருத்தர் ஊற்ற ஊற்ற இன்னொருத்தர் மொண்டால் குடம் நிறையுமா?

அப்படியென்றால் வலந்தலை மட்டும் ஏன் கேட்டது? இந்தக் கேள்விக்குத்தான் நான் பாடத்தை இரண்டாவது முறை படித்தேன். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அதை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். 100 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கு அலைநீளம் 3.4 மீட்டர். 10,000 ஹெர்ட்ஸுக்கு 3.4 சென்டிமீட்டர்தான். எங்க பெட்டிகள் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கின்றன. 3.4 மீட்டர் அலைக்கு இரண்டு பெட்டியும் கிட்டத்தட்ட ஒரே இடம் மாதிரி, அதனால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். 3.4 சென்டிமீட்டர் அலை இங்கே அழிந்தால் விரற்கடை தள்ளிக் கூடிவிடும், முழுசாக அழியாது. கனத்த சத்தம் மட்டும் காணாமல் போனது இதனால்தான்.

வயரை மாற்றினேன். செலவு ஒரு பைசா இல்லை. தொப்பி வந்தது. ஆனால் வந்த சத்தம் 'கும்ம்ம்' என்று ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அப்பாயிக்கு அடி அடியாகக் கேட்க வேண்டுமாம்!

கும்மை அடக்கியது

தவில் கட்டை பலாமரத்தில் குடைந்தது. அடித்தால் கட்டையும் சேர்ந்து முழங்க வேண்டும், அதுதான் அதற்கு அழகு. ஸ்பீக்கர் பெட்டியோ முழங்கவே கூடாது. அது தாத்தாவின் தவிலைக் கேட்க வைக்க வேண்டுமே தவிர, தானே ஒரு தவிலாகக் கூடாது. மாமா பெட்டியை முட்டியால் தட்டிக் காட்டினார். நடுப்பலகை 'டொக்' என்று வெறும் பானை மாதிரி ஒலித்தது. உள்ளே ஒரு பக்கத்தில் இருந்து எதிர்ப் பக்கத்துக்கு இறுக்கமாக ஒரு மரச்சட்டத்தைக் கொடுத்து ஒட்டினோம். பழைய தலையணையின் நைலான் பஞ்சைப் பிரித்து உள்சுவரில் லேசாக வைத்தோம். திணிக்கக் கூடாது, குழாயையும் மறைக்கக் கூடாது. இலவம்பஞ்சு வேண்டாம், பிசிறு பறந்து சுருளுக்குள் போகும்.

மூலைகளில் காற்று கசிகிறதா என்று பார்க்க ஒரு வழி: பாட்டு ஓடும்போது எரியும் ஊதுபத்தியை விளிம்போரம் கொண்டு போங்கள். (பெரியவர்களை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.) கசியும் இடத்தில் புகை துடிக்கும். மரத்தூளையும் பசையையும் குழைத்து அந்த இடத்தில் அப்பினோம்.

இவ்வளவு செய்ததைவிட, பெட்டியை இடம் மாற்றியதில்தான் அதிகப் பலன் கிடைத்தது. முதலில் பரண் மேல் வைத்திருந்தேன், எலி வயரைக் கடிக்காதே என்று. கீச்சுச் சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போவது. அப்பாயி தலைக்கு மேலேயே போய்விட்டது. சுவர் மூலையோ கனத்த சத்தத்தைக் கூட்டிக் காட்டும். இப்போது இரண்டு ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி, அதன் மேல் சைக்கிள் டியூப் துண்டு போட்டு, அப்பாயி கட்டிலில் உட்கார்ந்தால் காது உயரத்துக்கு ட்வீட்டர் வரும்படி வைத்திருக்கிறேன். சுவரில் இருந்து ஒரு சாண், இரண்டு சாண் என்று நகர்த்தி நகர்த்தி, மூன்று சாணில் 'கும்' போனது. இரண்டு பெட்டியும் அப்பாயியும் ஒரு சம பக்க முக்கோணம். (படம் கீழே. அப்பாயி படம் சரியாக வரவில்லை, மன்னிக்கவும்.)

எங்க வீடு சிமெண்டுத் தரை, வெற்றுச் சுவர். எதிரொலி தனியாகக் கேட்கச் சுவர் 17 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும் என்று படித்தோமே, எங்க அறை மொத்தமே 12 அடி. அதனால் தனி எதிரொலி வராது, எல்லாம் கலந்து எதிர்முழக்கமாக வரும். எதிர்ச் சுவரில் கொடி கட்டி, பழைய மெத்தை விரிப்பைத் தொங்க விட்டேன். அம்மா துணி காயப்போட என்று நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

வயர் பற்றி ஒரு வார்த்தை. விலை உயர்ந்த ஸ்பீக்கர் வயர் என்று கடையில் காட்டுவார்கள். எலக்ட்ரிக் கடையில் விற்கும் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரே போதும். 2 மீட்டருக்குப் போக வர மின்தடை சுமார் 0.07 ஓம்தான் வருகிறது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

(சிவப்பு மையில் எழுதியிருப்பதைக் கட்டாயம் படிக்கவும்: நான் தொட்டது 12 வோல்ட் பக்கம் மட்டும். 230 வோல்ட் நேராகப் போகும் எந்தப் பெட்டியையும் நீங்கள் திறக்காதீர்கள்.)

கணக்கு: பெட்டி 900, வளையம் 200, போர்டு 550, வயர் 60, பசை 40. ஆக 1,750 ரூபாய். மீதி 750-ஐ அப்பாயி தடவிப் பார்த்து எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அன்று சாயங்காலம் திரும்பப் பாட்டைப் போட்டேன். அப்பாயி கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டார். பாதியில் கை நின்றது. "திரும்பப் போடு" என்றார். போட்டேன். "இந்த எடத்துல ஒரு அடி விட்டுட்டாரு பாரு. அன்னைக்கே சொன்னேன், மனுசன் ஒத்துக்கவே இல்ல" என்று சொல்லிச் சிரித்தார். நான் ஐந்து தடவை கேட்டேன், எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் வந்து உட்கார்ந்து கேட்டார். திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேச்சே வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வேப்பமரத்தடியில் பேட்டரி சோதனையைச் செய்து காட்டுகிறேன். அறிவியல் டீச்சர் அனுமதி கொடுத்துட்டாங்க. வீட்டில் பழைய ஸ்பீக்கர் கிடந்தால் கொண்டு வாருங்கள். குளவிக்கூடு இருந்தால் முதலில் தட்டிவிட்டு வாருங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி