நராச்சியும் தங்கவயலும்

கேள்வி: 'கே.ஜி.எஃப்.' படத்தின் மூன்றாம் பாகம் வந்தால், அதிலாவது எங்கள் ஊர் இருக்குமா?
— ஒரு வாசகர், ஆண்டர்சன்பேட்டை, கோலார் தங்கவயல் (கே.ஜி.எஃப்.)

பதில்: 2022 ஏப்ரல் 14 அன்று வெளியான இரண்டாம் பாகத்தின் இறுதியிலேயே மூன்றாவதற்கான சூசனை இருக்கிறது. ஆனால், பிரசாந்த் நீல் சிருஷ்டித்த 'நராச்சி' கற்பனைச் சுரங்கம். பஞ்சம் பிழைக்க வட ஆர்க்காட்டிலிருந்து வந்து, பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறை எந்தக் கணத்தில் வெடிக்குமோ என்ற பயத்தோடு தங்கம் தோண்டிய உங்கள் பாட்டனார்களின் சரித்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவ்வகையில் தங்கவயலைக் களமாகக் கொண்டு 2024இல் பா. ரஞ்சித் எடுத்த 'தங்கலான்', அதீதக் கற்பனைகள் கலந்திருந்தபோதிலும், உங்களுக்கு நெருங்கிய உறவு என்பேன்.

எனக்குள்ள வருத்தம் வேறு. 'கே.ஜி.எஃப்.' கதாநாயகன் நடந்துவந்த, தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட அந்தச் சாம்பல்நிறச் சயனைடு மண்மேடு, படப்பிடிப்புக் குழுவினர் மூட்டை கட்டிச் சென்ற பிறகும் அங்கேயே நிற்கிறது. காற்று வீசும் நாட்களில் கொடியில் உலரும் வேஷ்டியிலும், மூடாமல் வைத்த சோற்றிலும் அதன் தூசி வந்து படிகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டபின், வேலைக்காக விடியுமுன் மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களின் கதையை ஒருவர் படமாக்குவாரானால், முதல் நாள் முதல் காட்சிக்கு உங்களோடு நானும் வருவேன்.