தமிழ்99 விசைப்பலகை: கரிசல்காட்டுக்காரருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கோவில்பட்டியில் கடலைமிட்டாய்க்கு விலைப்பட்டியல் போடுகிறவர், தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், வட்டார வழக்குச் சொற்களைச் சேகரிக்கும் கல்லூரி மாணவர் என்று எல்லோருக்கும் கணினியில் தமிழ் வேண்டியிருக்கிறது. எந்த முறையில் அடிப்பது என்பதில்தான் குழப்பம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று வழிகள் உண்டு. தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்தவர்களுக்குப் பழைய தட்டச்சு முறை கைவந்திருக்கும். அவர்கள் அதிலேயே தொடரலாம். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறையைத் தொடங்குவது எளிது. ஆனால் அப்படிப்பட்ட சில செயலிகள் சொல்லைத் தாமாகவே ஊகித்து மாற்றிவிடும். 'கம்மாய்', 'சொளகு' போன்றவை அதில் படாதபாடு படும். அழுத்திய எழுத்தே திரையில் வர வேண்டுமென்றால் தமிழ்99 நல்லது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி வந்த இந்த முறையை, அந்த ஆண்டே தமிழக அரசு ஏற்றது.

படி 1: கணினியில் சேர்த்தல்

விண்டோஸ்: அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேருங்கள். பிறகு தமிழின் விருப்பங்களில் 'தமிழ் 99' விசைப்பலகையைச் சேருங்கள். வெறுமனே 'தமிழ்' என்றிருப்பது இன்ஸ்கிரிப்ட் என்ற வேறொரு விசைப்பலகை.

உபுண்டு: முதலில் 'ஐபஸ்-எம்17என்' தொகுப்பை நிறுவிவிட்டு, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியில் உள்ளீட்டு மூலமாகத் தமிழ்99ஐச் சேருங்கள்.

இரண்டிலும் விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். டெர்மினலில் கட்டளை அடிக்கும்போது ஆங்கிலத்துக்குத் திரும்ப மறக்காதீர்கள்.

படி 2: விரல்களுக்கு இடம்

உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையில்.

• மேல்வரிசை: ஆ ஈ ஊ ஐ ஏ | ள ற ன ட ண ச ஞ
• நடுவரிசை: அ இ உ ஃ எ | க ப ம த ந ய
• கீழ்வரிசை: ஔ ஓ ஒ | வ ங ல ர, கடைசியில் ழ

ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ ஆகியவை ஷிஃப்ட்டோடு மேல்வரிசையின் முதல் ஐந்து விசைகளில் இருக்கின்றன.

படி 3: நான்கு விதிகள்

1. மெய் விசையை அழுத்தினால் அகரமேறிய எழுத்து வரும். அதையடுத்து உயிரை அழுத்தினால் உயிர்மெய்: ம, ஆ = மா.
2. புள்ளி வைக்க ஃ: ல, ஃ = ல்.
3. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும்: ட, ட = ட்ட. ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய இணைகளுக்கும் அப்படியே.
4. புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே அ: 'மமதை'க்கு ம, அ, ம, த, ஐ.

க, க என்று அழுத்திப் பாருங்கள். 'க்க' வந்தால் அமைப்பு சரி. 'கக' வந்தால் வேறு விசைப்பலகையைச் சேர்த்திருக்கிறீர்கள்.

படி 4: பழகும் சொற்கள்

• கம்பு: க, ம, ப, உ
• பருத்தி: ப, ர, உ, த, த, இ
• கரிசல்: க, ர, இ, ச, ல, ஃ
• மானாவாரி: ம, ஆ, ன, ஆ, வ, ஆ, ர, இ
• கோவில்பட்டி: க, ஓ, வ, இ, ல, ஃ, ப, ட, ட, இ

முதல் சில நாட்களுக்கு நடுவரிசையை மட்டும் அடியுங்கள். விசைகளின்மேல் எழுத்து ஒட்ட வேண்டாம். ஒட்டினால் கண் கீழேயே நிற்கும். விசைப்பலகைப் படத்தைத் திரையோரம் வைத்துக்கொண்டால் போதும்.

படி 5: கைபேசியிலும் அதே முறை

ஐபோனின் விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 ஏற்கெனவே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'செல்லினம்' செயலியில் கிடைக்கும்.

எழுத்தாளர் கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவல் கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர். கரிசல் வழக்குச் சொற்களை அவர் அகராதியாகவே தொகுத்தார். அதில் விடுபட்டதாக உங்கள் ஊர்ச் சொல் ஒன்று இருந்தால், இன்றே தமிழ்99இல் அடித்துச் சேமித்து வையுங்கள்.