ஊரார் வீட்டு நெய்

விடுதி அறையில் இரவு பத்து மணிக்கு மேல் நண்பர் நால்வர் ஒரு மடிக்கணினியைச் சூழ்ந்து அமர்ந்திருக்கின்றனர். திரையில் ஜப்பானியர் 'அனிமே' என்று வழங்கும் சித்திரத் தொடர் ஓடுகின்றது. அடியில் ஆங்கில வரிகள். "கிடைத்ததா?" என்று கேட்கின்றோமேயன்றி, "யார் கொடுத்தது?" என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன? இவ்வழக்கத்தின் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

1980களின் இறுதியில் அமெரிக்காவில் இத்தகைய தொடர்களுள் மிகச் சிலவே முறையாக வெளிவந்தன. ஆர்வங்கொண்ட இரசிகர் வீடியோ நாடாக்களை ஜப்பானிலிருந்து வரவழைத்தனர்; தாமே மொழிபெயர்த்து, அடிவரி சேர்த்து, படியெடுத்துப் பகிர்ந்தனர். சட்டம் இதற்கு இடந்தரவில்லை. எனினும் அவர்களுள் பலர் இரண்டு நெறிகளைப் போற்றினர். நாடாவின் விலையும் தபால் செலவும் தவிர ஊதியம் பெறலாகாது என்பது ஒன்று. உரிமை பெற்ற நிறுவனம் வெளியிட முன்வந்தால் தாம் விலகிக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று.

இணையம் வந்தபின் நிலைமை மாறிற்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பயின்றோர் சிலர் 2006ஆம் ஆண்டு 'கிரஞ்சிரோல்' என்னும் தளத்தைத் தொடங்கினர். இரசிகர் மொழிபெயர்த்த தொடர்கள் உரிமையின்றியே அதில் ஏற்றப்பட்டன. 2008இல் முதலீட்டாளர் அதில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் டாலர் முதலிட்டனர். உரிமை பெற்ற நிறுவனங்கள் சினந்தன. சினம் நியாயமன்றோ? படம் வரைந்தவனுக்குப் பங்கில்லை. கண்விழித்து மொழிபெயர்த்த இரசிகனுக்கும் கூலியில்லை. இடையில் நின்ற தளத்திற்கே மதிப்பு ஏறிற்று. 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்னும் பழமொழி இதற்கு எவ்வளவு பொருத்தம்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2009 சனவரியில் அத்தளம் டி.வி. டோக்கியோ நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டு, உரிமையற்றவற்றை நீக்க முற்பட்டது. 'நருடோ ஷிப்புடென்' தொடரின் புதிய பகுதி ஜப்பானில் ஒளிபரப்பாகி ஒரு மணி நேரத்தில் சந்தாதாரர்க்குக் கிடைத்தது. ஒரு வாரம் கழித்து மற்றவர்க்கும் இலவசமாகக் கிடைத்தது. 2021இல் சோனியைச் சார்ந்த நிறுவனம் ஒன்று 117.5 கோடி டாலர் கொடுத்துக் கிரஞ்சிரோலை வாங்கிற்று.

இதிலிருந்து அறிவது யாது? காலத்தாழ்வும் கிடைக்காமையுமே பலரைத் திருட்டு வழிக்குத் தள்ளின. எனவே வணிகர் மீதும் குறை உண்டு. ஆனால் அக்குறை நமக்கு உரிமையாகிவிடாது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி மொழிபெயர்க்கும் உரிமையும் உரிமையாளருக்கே உரியது. அறிந்தே உரிமையை மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அச்சட்டத்தின் 63ஆம் பிரிவு இடந்தருகின்றது. முடக்கிய தளம் வேறு பெயரில் முளைத்தால், புதிய வழக்கின்றியே அதனையும் முடக்க 2019இல் தில்லி உயர் நீதிமன்றம் வழி வகுத்தது.

"மாதச் செலவுக்கே தடுமாறும் மாணவன் சந்தாவுக்கு எங்கே போவான்?" என்று நண்பர் வினவலாம். நியாயமான வினாவே. உரிமை பெற்ற சில நிறுவனங்கள் யூடியூபில் இலவசமாகவே தொடர்களை வெளியிடுகின்றன. முதலில் அவற்றைத் தேடுவோம். எங்கும் கிடைக்காத தொடராயின், உரியவரிடம் கேட்போம்.

கேட்டால் கிடைக்குமா என்று ஐயுற வேண்டா. அமெரிக்காவில் 'ஸ்டார் டிரெக்' தொடர் நின்றுவிடும் என்று அஞ்சிய இரசிகர் கடிதங்களாகக் குவித்தனர். தொடர் நீடிக்கும் என்று 1968 மார்ச்சில் என்.பி.சி. நிறுவனம் ஒளிபரப்பிலேயே அறிவித்தது. அவர்கள் எவர் பொருளையும் எடுக்கவில்லை, எழுதினர், பெற்றனர்.

நாமும் அடுத்த முறை திரையைத் திறக்குமுன், "யார் கொடுத்தது?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்வோமாக.