சுங்கத்தின் தவறும் கிடங்கு வாடகையும்

கேள்வி: எங்கள் அரிசி ஆலைக்குத் தருவித்த யந்திரத்தைச் சுங்க அதிகாரிகள் தவறாகத் தடுத்துவைத்துப் பின்னர் விடுவித்தனர். அந்நாட்களுக்கான துறைமுக வாடகையை நான் ஏன் செலுத்த வேண்டும்?
– ஒரு வாசகர், பாபநாசம்.

பதில்: தாங்கள் எழுப்பும் வினா, சென்னைத் துறைமுகத்திலேயே பிறந்து, உயர்நீதிமன்றத்தில் இறக்குமதியாளருக்குச் சாதகமாகவும், 1975-இல் அமீன்சந்த் பியாரிலால் வழக்கில் உச்சநீதிமன்றத்தில் அதற்கு நேர்மாறாகவும் முடிந்த பழைய வினாவாகும். இடமளித்துச் சரக்கைக் காத்த துறைமுகம், பிறிதோர் இலாகாவின் செய்கைக்காகத் தன் கட்டணத்தை இழக்கவேண்டியதில்லை என்பதே அத்தீர்ப்பின் தாத்பரியம். சுங்கத்தார் அளிக்கும் தடுப்புச் சான்றிதழும் கிடங்குக்காரரைக் கட்டுப்படுத்தாதென 1995-இல் கிராண்ட் ஸ்லாம் வழக்கு உறுதிசெய்தது. தடுத்துவைத்த சரக்குக்கு வாடகை வாங்கலாகாதென 2009-ஆம் ஆண்டுச் சுங்க விதிகள் கூறினும், ‘பிற சட்டங்களுக்கு உட்பட்டு’ என்னும் நிபந்தனை அவற்றின் பலத்தைப் பெரிதும் குறைத்துவிடுகிறது. குற்றமற்றவர் தண்டம் செலுத்துவது அநியாயமென்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் வாடகை நாள்தோறும் வளர்வதாலும், செலுத்தாத சரக்கை ஏலமிடத் துறைமுகத்துக்கு அதிகாரமிருப்பதாலும், தடுப்புச் சான்றிதழைப் பெற்று, அதனுடன் வாடகைத் தள்ளுபடிக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து, மறுக்கப்பட்டால் ஆட்சேபணையுடன் செலுத்தி யந்திரத்தை மீட்டுக்கொண்டு, சுங்க இலாகாவின்மீது உயர்நீதிமன்றத்தில் பரிகாரம் கோருங்கள்.