பைலோடீஸ் கட்டிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறீர்களா?

மார்பகக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத அபூர்வ வகை பைலோடீஸ். வெட்டிப் பார்த்தால் உள்ளே இலைமடிப்பு போல இருக்கும். 1838-ல் யோஹன்னஸ் முல்லர் இந்தப் பெயரை வைத்ததும் அதனால்தான். சில மாதங்களிலேயே மளமளவென்று வளர்ந்துவிடக்கூடிய கட்டி இது. எம்.ஆர்.ஐ. இதன் எல்லையை அளந்து காட்டும். ஆனால் இது என்ன கட்டி என்று சொல்ல வேண்டியது பயாப்ஸிதான். இதை மனதில் வைத்துக்கொண்டு ஸ்கேனுக்குப் போங்கள்.

முதலில் நாள் பாருங்கள். மாதவிலக்கு தொடங்கிய 7-ம் நாளிலிருந்து 14-ம் நாளுக்குள் எடுப்பது நல்லது. மற்ற நாட்களில் ஹார்மோனால் நல்ல சதையும் வெளுப்பாகத் தெரிந்து குழப்பும். டாக்டர் அவசரம் என்றால் காத்திருக்க வேண்டாம்.

சிறுநீரகக் கோளாறு, பேஸ்மேக்கர், கர்ப்பம் எது இருந்தாலும் முன்பே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே ஊசி குத்திப் பயாப்ஸி எடுத்திருந்தால் அந்தத் தேதியையும் சொல்லுங்கள். அங்கே கட்டிய ரத்தம் படத்தைக் குழப்பும். பழைய மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் படங்கள் கையில் இருக்கட்டும். தாலிச் சங்கிலி, மெட்டி, மூக்குத்தி, ஊக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டால் அங்கே பதற்றமில்லை.

உள்ளே குப்புறப் படுக்கச் சொல்வார்கள். மேடையில் உள்ள இரண்டு குழிகளில் மார்பகங்கள் தொங்கும். சத்தம் பலமாக இருக்கும். காதடைப்பு தருவார்கள், அழுத்தி ஆளை அழைக்கக் கையில் ஒரு பந்தும் இருக்கும். முதலில் மருந்தில்லாமல் படம் எடுப்பார்கள். பிறகு கை நரம்பில் கடோலினியம் மருந்து ஏற்றி, சில நிமிடங்களுக்குத் திரும்பத் திரும்ப எடுப்பார்கள். பின்னதிலிருந்து முன்னதைக் கணினி கழித்து, மருந்து பாய்ந்த இடத்தை மட்டும் தனியே காட்டும். இடையில் உடம்பு கொஞ்சம் அசைந்தாலும் இரண்டும் பொருந்தாது. எடுத்ததெல்லாம் வீணாகிவிடலாம். அதனால் இருமல் இருந்தாலோ, கழுத்து வலித்தாலோ மருந்து ஏற்றும் முன்பே சொல்லிவிடுங்கள். சங்கோஜம் வேண்டாம்.

ரிப்போர்ட் வந்ததும் கட்டியின் அளவையும், மார்புத் தசைக்கும் தோலுக்கும் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதையும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'மருந்து வேகமாக ஏறி வேகமாக வடிகிறது' என்று எழுதியிருந்தால் புற்றுநோயோ என்று கலங்க வேண்டாம். சாதுவான பைலோடீஸிலும் அப்படி வரும்.

அறுவை சிகிச்சை டாக்டரிடம் ரிப்போர்ட்டோடு படங்கள் உள்ள சிடியையும் கொடுங்கள். சாதாரண ஃபைப்ரோஅடினோமா என்று நினைத்துக் கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால், பைலோடீஸ் அதே இடத்தில் திரும்ப வளரக்கூடும். "சுற்றியுள்ள சதையில் எவ்வளவு சேர்த்து எடுப்பீர்கள் டாக்டர்?" என்று அறுவைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.