புளியங்கொட்டை விழும் சத்தம்

இந்த ஆண்டு சிறப்பாசிரியராகப் பணியில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு: ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளோடு 28 ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் எழுதுகிறேன். முதல் வாரத்திலேயே உங்களுக்குத் தேவைப்படுவதை மட்டும் சொல்கிறேன்.

1. “மனசு வெச்சா செய்வான் டீச்சர்” என்று பெற்றோர் சொல்லும்போது தலையாட்டிவிடாதீர்கள். இந்தப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்வார்கள். திரையில் படம் வந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். கூடவே மணி அடித்தால் கையை நிறுத்திவிட வேண்டும். சும்மா செய்யச் சொன்னால் கை முந்திக்கொள்கிறது. நிறுத்தும் ஒவ்வொரு முறையும் புள்ளி உண்டு என்றால் பலர் மற்றப் பிள்ளைகளின் அளவை நெருங்கிவிடுகிறார்கள். “அப்போ சோம்பேறித்தனம்தானே?” என்று கேட்பார்கள். கண்ணாடி போட்டதும் கரும்பலகையைப் படித்துவிட்டான் என்பதற்காக, அவன் கண்ணில் கோளாறே இல்லை என்போமா? செல்போன் விளையாட்டில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருவதும் இதே கதைதான். அது நொடிக்கொரு முறை அவனுக்கு ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நம் வகுப்பறை அரைப்பரீட்சை வரை ஒன்றும் கொடுப்பதில்லை.

2. பரிசைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். நான் சொல்வதில் முக்கியமானது இதுதான். “முழுப்பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் சைக்கிள்” என்று ஜூன் மாதத்தில் சொன்ன அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிள்ளை மேல் உள்ள ஆசையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த சைக்கிள் ஏப்ரலில் நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே அணில் இப்போது ஓடுகிறது.

இதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள, மூளை ஆராய்ச்சியாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் சோதனை உதவும். குரங்குக்கு முதலில் ஒரு அடையாளத்தைக் காட்டி, பிறகு பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். ஆரம்பத்தில் சாறு வாயில் விழும்போது துடித்த மூளையின் டோபமின் செல்கள், பழகப் பழக அடையாளத்தைப் பார்த்ததுமே துடித்தன. வரப்போகிறது என்ற எண்ணமே பாதிப் பரிசாகிவிட்டது. ஏடிஹெச்டி பிள்ளைகளிடம் இந்த இடமாற்றம் சரியாக நடப்பதில்லை என்று கெயில் டிரிப்பும் ஜெஃப் விக்கன்ஸும் 2008-ல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். இது முடிந்த முடிவல்ல. ஆனாலும் வகுப்பறையில் நான் கண்டதோடு நன்றாகவே பொருந்துகிறது. எதிர்பார்ப்பில் காலம் தள்ள அவனால் முடியவில்லை. கையில் விழுந்தால்தான் அது பரிசு.

3. அதனால் எண்ணிக்கை அதிகமாகவும், அளவு சின்னதாகவும் இருக்கட்டும். நான் வைத்திருந்தது ஒரு கண்ணாடி ஹார்லிக்ஸ் பாட்டிலும், ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டையும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். கேள்வியை முடிக்கும் முன்பே பதிலைக் கத்துவான். அவன் கை உயர்ந்து, வாய் மூடியிருக்கும் அந்த ஒரு நொடியில் கொட்டையைப் போடுவேன். டிங். நான் ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. அவன் கழுத்து பாட்டில் பக்கம் திரும்பும், உதட்டை இன்னும் இறுக்கிக்கொள்வான். பத்துக் கொட்டை சேர்ந்தால் மணி அடிக்கும் வேலை அவனுக்கு. இரண்டு நிமிடம் தாமதித்துப் போட்டுப் பார்த்தேன். எதற்காக விழுந்தது என்றே அவனுக்குப் புரியவில்லை.

4. போட்டதைத் திரும்ப எடுக்காதீர்கள். புள்ளியைக் குறைக்கும் முறைக்குப் புத்தகங்களில் இடம் உண்டு. நான் வேண்டாம் என்பேன். பக்கத்துப் பெண்ணின் பென்சிலைப் பிடுங்கினான் என்று ஒருநாள் கோபத்தில் ஏழு கொட்டையை எடுத்துவிட்டேன். அவன் மீதி இருந்ததையும் தரையில் கொட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டான். அந்தப் பாட்டில் பக்கம் அவன் மறுபடி திரும்ப மூன்று வாரம் ஆயிற்று. தவறு என்னுடையது.

5. “ஒழுங்கா இரு” என்பதற்குக் கொட்டை போட முடியாது. “கையைத் தூக்கு”, “பையை மாட்டு” என்று கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று.

6. எந்தப் பரிசும் சீக்கிரம் சலித்துவிடும். மாற்றிக்கொண்டே இருங்கள்.

7. மருந்தைப் பற்றி மருத்துவர் பேசட்டும். நீங்கள் எதிர்ப்பிரசாரம் செய்யாதீர்கள். வட அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்து 14 மாதம் நடத்தி, 1999-ல் வெளியிட்ட ஆய்வில், கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து முக்கிய அறிகுறிகளை நடத்தைப் பயிற்சியைவிடக் கூடுதலாகவே குறைத்தது. இரண்டும் சேர்த்துக் கொடுத்த குழுவுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது. மருந்தோடு சேர்ந்து நிற்கும் அந்த இடம் நம் வேலைக்கு உண்டு.

8. வளர்ந்த பிள்ளைகளைக் கைவிடாதீர்கள். மூளையின் மேலுறையில் பாதி இடங்கள் உச்சத் தடிமனை எட்டுவது மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை வயதை ஒட்டி என்றால், ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குப் பத்தரை என்று ஃபிலிப் ஷா குழுவினர் 2007-ல் காட்டினார்கள். இதைப் பதினாறு வயதுக்காரனுக்கு அப்படியே கணக்குப் போட்டுவிடக் கூடாது. ஆனால் மீசை முளைத்துவிட்டதே, இனி தானாகப் பொறுப்பு வரும் என்று இருந்துவிடவும் கூடாது. வண்டிச் சாவியும் கையில் காசும் வரும் வயது அது. அவசரத்தின் விலை அப்போதுதான் ஏறுகிறது.

அவர்களிடம் புளியங்கொட்டையை நீட்டினால் அவமானப்படுவார்கள். பரிசை அவர்களே சொல்லட்டும். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் கேட்டேன். ஐந்து கணக்கு முடித்தால் ஒரு ஓவர் பந்து போட வேண்டும் என்றான். ஆறு பந்து, பிறகு அடுத்த ஐந்து கணக்கு. வீட்டில் யார் மட்டை பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அவன் அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, “நான் பிடிக்கிறேன் டீச்சர்” என்றார்.