தொப்பியைக் கழற்றினால் யார்?

கேள்வி: ஐயா, நான் மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் அவெனியூவுக்குக் கிட்ட இருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அதில் வரும் நடிகன் பாதி எம்.ஜி.ஆர். மீதிப் பாதி, சின்ன வயதில் கோயிலடியில் விடிய விடிய நாடக மேடையில் பார்த்த நடிகமணி வி. வி. வைரமுத்து. பெயர், ஊர் எல்லாம் மாற்றிவிட்டேன். ஆனாலும் இரண்டாம் பக்கத்திலேயே மகள் “இது எம்.ஜி.ஆர். தானே அம்மா” என்று சிரித்துவிட்டாள். வைரமுத்துவை அவளுக்குத் தெரியாது, அவர் தப்பிவிட்டார். என்ன செய்யலாம்? வழக்கு ஏதும் வருமா?
— ஒரு வாசகி, மில்லிக்கன்

பதில்: மகள் கண்டுபிடித்தது போகட்டும். கண்டுபிடித்த பிறகும் இருபதாம் பக்கம் வரை வாசித்தாளா என்று கேட்டீர்களா?

மணிரத்னத்தின் ‘இருவர்’ (1997) படத்தில் மோகன்லால் நடித்த ஆனந்தன் யார் என்று தெரியாத தமிழர் உண்டா? தெரிந்துகொண்டுதான் பார்த்தோம். 1967 ஜனவரி 12ஆம் தேதி எம்.ஜி.ஆரை அவருடைய ராமாவரம் வீட்டில் வைத்துச் சுட்டவர் சக நடிகர் எம்.ஆர். ராதா. குண்டு கழுத்தில் பாய்ந்தது. பழைய குரல் திரும்பவேயில்லை. படத்திலும் கழுத்தில்தான் குண்டு படுகிறது, ஆனால் ஒரு சண்டைக்காட்சிப் படப்பிடிப்பில். எம்.ஆர். ராதாவுக்கு அங்கே இடமில்லை. நடிகனை அவன் தொழிலே சுடுகிறது. காயம் எம்.ஜி.ஆருடையது, அதன் காரணம் ஆனந்தனுடையது. அந்த இடத்தில்தான் அவன் தனி ஆளாகிறான். உங்கள் இரண்டாம் பக்கத்தில் எம்.ஜி.ஆரின் வெள்ளைத் தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அதை எடுத்துவிட்டுப் பாருங்கள், மிச்சம் யார் நிற்கிறார் என்று.

அசோகமித்திரனின் ‘மானசரோவர்’ நாவலைத் தேடிப் படியுங்கள். அதில் வரும் இந்தி நட்சத்திரம் சத்யன்குமார், திலீப்குமாரை நினைவூட்டாமல் இரான். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த காலத்தில்தான் திலீப்குமாரை வைத்து அதன் முதலாளி வாசன் ‘இன்சானியத்’ (1955) எடுத்தார். இருந்தும் நாவல் அந்தப் புகழைப் பற்றியதல்ல. சத்யன்குமாருக்கும் சென்னையில் சினிமாவுக்கு எழுதிப் பிழைக்கும் கோபாலுக்கும் இடையிலான உறவுதான் கதை. நட்சத்திரத்தை ரசிகனின் இடத்திலிருந்து பார்க்காமல், பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்த எழுத்து அது.

உங்களிடம் இருக்கும் வைரமுத்து இன்னும் பெரிய புதையல். அரிச்சந்திரனாக மயான காண்டத்தில் அவர் நின்றதைப் பார்த்தவர் நீங்கள். சென்னையில் இருந்து எழுதுகிறவருக்கு அது கிடைக்காது. இரவு முழுக்க மேடையில் பொய் சொல்ல மறுக்கிற ஒருவன், விடிந்து அரிதாரம் கலைத்ததும் வீட்டில் என்ன பொய் சொல்லுவான்? நிஜ வைரமுத்துவிடம் இதற்கு விடை தேடாதீர்கள், அது அவருடைய வீடு. உங்கள் ஆளிடம் கேளுங்கள்.

இரண்டு பேரையும் பாதி பாதியாக ஒட்டினால் தையல் தெரியும். ஒட்டுவதை விட்டு, அந்த இருவரும் ஒருநாளும் போகாத இடத்துக்கு அவனை அனுப்புங்கள். எழுபது வயதில், மகன் வீட்டு நிலவறையில் குடியிருக்கிறான். ஜனவரிக் குளிரில் கென்னடி வீதியில் 43ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்கிறான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே அவன் கை எதைத் தேடும்? எம்.ஜி.ஆரே கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில் பிறந்து, சிறுபிள்ளையாகக் கடல் கடந்து போனவர்தான். அவர் போனது புகழை நோக்கி; உங்கள் நடிகனின் பயணம் அதற்கு நேர் எதிர்த்திசை.

வழக்கு விஷயம். ஜெயலலிதாவை நினைவூட்டும் ‘குயின்’ தொடர் (2019), ‘தலைவி’ படம் இரண்டுக்கும் எதிராக அவருடைய அண்ணன் மகள் நீதிமன்றம் போனார். ஒருவர் சம்பாதித்த நற்பெயரும் அந்தரங்க உரிமையும் அவரோடு முடிந்துவிடும் என்று சொல்லி, சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் அவருடைய மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஒன்ராறியோவிலும் இறந்தவரின் மானத்துக்காக அவதூறு வழக்குப் போட முடியாது. ஆகவே எம்.ஜி.ஆர்., வைரமுத்து பற்றிப் பயம் வேண்டாம்.

எனக்குப் பயம் நீங்கள் கேள்வியில் சொல்லாத மூன்றாவது ஆளைப் பற்றித்தான். ஸ்காபரோ மண்டபங்களில் இன்றும் வேஷம் கட்டும் யாராவது ஒருவருடைய குடிப்பழக்கமோ குடும்பச் சண்டையோ நாவலுக்குள் வந்திருக்கிறதா? அவர் உயிரோடு இருக்கிறார். பெயரை மாற்றினாலும் ஆளை அடையாளம் காண முடிந்தால் வழக்குக்கு இடமுண்டு. அப்படி இருந்தால் அடுத்த அத்தியாயத்தை முதலில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மகளுக்குப் பிறகு காட்டலாம்.